நாபோத்தின் நிலமும் பவுலின் பிரஜாவுரிமையும்

(கலவான நகரில் தோட்டத் தொழிலாளரும் சிறு தேயிலைச் செய்கையாளரும் ஆசிரியர்களும் திருச்சபைப் பணியாளரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, இப்பகுதித் தோட்டமொன்றிலிருந்து போதகர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையில் நனைந்து மடிந்த ஒரு கடதாசி. அவருடைய தோட்டத்தில், பழைய பிள்ளைக் காம்பரா இருந்த இடத்திலே, தகரக் கூரை போட்ட சிறு செபவீடு ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் இருபது குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. ஒரு ஞாயிறன்று பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். சுற்றுநிருபம் ஒன்றின் பிரதியைக் காட்டினார். அமைச்சின் அனுமதியின்றிப் புதிய வழிபாட்டிடம் நடத்துதல் ஆகாது என்றார். திறப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

“எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டீரா?” என்றோம். போதகர் கேட்கவில்லை. “ஐயா, அதிகாரம் எல்லாம் ஆண்டவரிடமிருந்துதான் வருகிறது என்று நாங்களே பிரசங்கம் செய்கிறோம். அந்த அதிகாரத்தை எதிர்த்து நாங்களே எப்படி நிற்பது? தயவாய் ஒரு விண்ணப்பம் எழுதித் தாருங்கள், போதும்” என்றார்.

விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தோம். ஆயினும் அவர் சொன்ன சொல் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. நல்ல மனிதர், கோழையும் அல்லர். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் மண்சரிந்து வெள்ளம் பெருகி இந்த நகரே மூழ்கியபோது, பிறர் பிள்ளைகளைத் தோளில் சுமந்து கரையேற்றியவர். அத்தகையவரை ஒரு கடதாசியின் முன் வாயடைக்கச் செய்தது பயமன்று, பக்தி. ஆகவே, கிறித்துவ சமயம் அரசதிகாரத்தைப் பற்றி உண்மையில் என்ன கருதுகின்றது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றோம்.

நாம் சைவக் குடும்பத்தில் பிறந்தவர்கள். மிஷன் பாடசாலையில் படித்தவர்கள். ஆகவே வேதாகமம் நமக்கு அந்நியமன்று. எனினும் அதை நாம் படிப்பது சட்டத்தரணியின் வழக்கப்படியே. ஓர் ஆவணம் நீட்டப்பட்டால், இதை எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எந்தக் காலத்தில் எழுதினார், எழுதியவர் தாமே எப்படி நடந்துகொண்டார் என்று கேட்பது நம் தொழில். இறையியல் வல்லார் இக்கூட்டத்தில் உள்ளனர், பிழையிருந்தால் திருத்துவார்களாக.

போதகர் நினைவிற்கொண்ட வாக்கியம் புனித பவுல் உரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஆளும் அதிகாரத்துக்கு அடங்கியிருங்கள், அது இறைவனால் ஏற்பட்டது என்பது அதன் கருத்து. உலகத்தில் எத்தனை சர்வாதிகாரிகள் இந்த ஓர் அதிகாரத்தைத் தம் சிம்மாசனத்துக்குக் காலாக வைத்திருக்கின்றனர்! ஆனால் எழுதிய பவுல் என்ன செய்தார்? அவர் வாழ்க்கை ‘அப்போஸ்தலர் நடபடிகள்’ என்னும் நூலில் விரிவாக இருக்கிறது. எந்த நீதிமன்றமும் ஏற்கத்தக்க சாட்சியம் அது.

பிலிப்பி என்ற நகரில் பவுலையும் அவர் தோழர் சீலாவையும் விசாரணையின்றிப் பிரம்பால் அடித்துச் சிறையில் இட்டனர். மறுநாட் காலை, பேசாமற் போய்விடலாம் என்று நகர அதிகாரிகள் சேவகரிடம் சொல்லியனுப்பினர். நம்மவராயிருந்தால் கும்பிட்டுவிட்டு ஓடியிருப்போம். பவுல் ஓடவில்லை. தாம் உரோமப் பிரஜை என்றும், விசாரிக்காமல் ஊரறிய அடித்தவர்கள் இப்போது ஒருவருக்கும் தெரியாமல் அனுப்பிவிடப் பார்ப்பது செல்லாதென்றும், அதிகாரிகள் நேரில் வந்து தம்மை வெளியே அழைத்துச் செல்ல வேண்டுமென்றும் சொல்லி, சிறையிலேயே உட்கார்ந்துகொண்டார். அதிகாரிகள் அஞ்சி வந்து வேண்டிக்கொண்டனர்.

எருசலேமில் அவரைக் கசையால் அடிக்கக் கட்டியபோது, தண்டனை விதிக்கப்படாத ஓர் உரோமப் பிரஜையை அடிக்க உங்களுக்குச் சட்டம் இடங்கொடுக்கிறதா என்று நூற்றுவர் தலைவனைக் கேட்டார். சேனாபதி ஓடி வந்தான். பெருந்தொகை கொடுத்து இந்தப் பிரஜாவுரிமையைத் தான் வாங்கியதாகச் சொன்னான். பவுலோ, தமக்கு அது பிறப்பிலேயே வந்தது என்றார். தோட்டத்துத் தமிழர்களே, இந்த இடத்தை நீங்கள் இன்னொருமுறை வீட்டில் வாசித்துப் பாருங்கள். பிறப்பால் வந்த பிரஜாவுரிமை என்ற சொல்லின் விலை இந்நாட்டில் உங்களைவிட நன்கறிந்தவர் யார்?

பின்னர் செசரியாவில் இரண்டு ஆண்டுகள் விசாரணைக் கைதியாக அவர் கிடந்தார். ஆளுநன் பேலிக்சு இலஞ்சம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து அடிக்கடி அழைத்துப் பேசினானாம். அந்தப் பழக்கம் எவ்வளவு பழையது பாருங்கள். புதிய ஆளுநன் வந்து வழக்கை எருசலேமுக்கு மாற்றப் பார்த்தபோது, பவுல் சக்கரவர்த்தியிடமே மேன்முறையீடு செய்தார். ஆக, அதிகாரத்துக்கு அடங்குங்கள் என்று எழுதிய மனிதர், அதிகாரத்தை அதன் சட்டத்தாலேயே நான்கு புறமும் கட்டிப் போட்டவராகவும் இருந்தார். அவர் அடங்கியது சட்டத்துக்கு. சட்டத்தை மீறிய அதிகாரிக்கு அன்று. அதிகாரம் இறைவனிடமிருந்து பெறப்பட்டதென்றால், பெற்றவன் கணக்குக் கொடுக்க வேண்டியவன் என்பதும் அதே வாக்கியத்தினுள் அடங்கியதன்றோ?

தென்னாபிரிக்காவில் நிறவெறி அரசு கோலோச்சிய 1985ஆம் ஆண்டில், சொவெற்றோவில் கூடிய இறையியலாளர்கள் ‘கைரோஸ்’ ஆவணம் என்ற ஒன்றை வெளியிட்டனர். இதே 13ஆம் அதிகாரத்தைக் காட்டி அநீதியை நியாயப்படுத்துவதை அவர்கள் ‘அரசின் இறையியல்’ என்று பெயரிட்டுக் கண்டித்தனர். நமக்கும் இது புதிதன்று. பல்லவ மன்னன் அழைப்பாணை அனுப்பியபோது அப்பரடிகள் என்ன விடை கொடுத்தார் என்பதைச் சைவப் பிள்ளைகள் எல்லாம் மனப்பாடமாக அறிவார்கள்.

இனி, விவசாயிகள் மிகுந்துள்ள இச்சபையில் நாபோத்தின் கதையைச் சொல்லாமல் விட இயலாது. பழைய ஏற்பாட்டிலே, அரசர்கள் முதலாம் நூலில் உள்ளது. எஸ்ரயேல் என்னும் ஊரில், ஆகாப் மன்னனின் மாளிகையை ஒட்டி நாபோத்து என்பவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அதைக் கீரைத்தோட்டமாக்க ஆசைப்பட்ட அரசன், வேறு நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் பணம் தருகிறேன் என்றான். மூதாதையர் விட்டுச்சென்ற காணியைக் கொடேன் என்றான் நாபோத்து. அரசன் சோறுண்ணாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அப்போது அரசி யேசபேல் செய்ததுதான் நம் கவனத்துக்குரியது. அவள் படையை அனுப்பவில்லை. அரசனின் முத்திரையிட்டு ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதினாள். ஊரில் நோன்பு அறிவிக்கப்பட்டது. விசாரணை கூடியது. இரண்டு சாட்சிகள் ஏற்படுத்தப்பட்டனர், ஏனென்றால் சட்டம் இரண்டு சாட்சி கேட்கும். குற்றச்சாட்டு என்ன? கடவுளையும் அரசனையும் பழித்தான் என்பது! நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றனர்; தோட்டம் அரசனுக்குப் போயிற்று.

தோழர்களே, நாம் இருபது ஆண்டுகளாக நீதிமன்றங்களில் கோவைகளைப் புரட்டியவர்கள். இதைவிடத் தெளிவான கோவையை நாம் கண்டதில்லை. முத்திரை இருக்கிறது, சமயச் சடங்கு இருக்கிறது, விசாரணை இருக்கிறது, சாட்சி இருக்கிறது. நீதி ஒன்றுதான் இல்லை. மதக்குற்றமும் இராசத் துரோகமும் ஒரே குற்றப்பத்திரத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அதற்குள்ளே ஒளிந்திருப்பது ஒரு துண்டுக் காணி. எலியா தீர்க்கதரிசி அரசனைச் சந்திக்கப் போனது ஆலயத்துக்கு அன்று, அபகரிக்கப்பட்ட அந்தத் தோட்டத்துக்கே.

இது பழங்கதை என்று யாரும் தள்ளிவிடவேண்டாம். திருச்சி மாவட்டத்திற் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, சார்க்கண்ட் மாநிலத்து ஆதிவாசிகளின் நிலவுரிமைக்காகவும், விசாரணையின்றிச் சிறையிற் கிடந்த அவர்தம் இளைஞருக்காகவும் உழைத்தவர். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதானார். கைநடுக்க நோயினால் கிண்ணம் பிடிக்க இயலாமல், நீர் பருக ஓர் உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து வாரக்கணக்கிற் காத்திருந்தார். பிணை கிடைக்காமலே, 2021 சூலை 5ஆம் நாள், 84ஆம் வயதில் கைதியாகவே மும்பாயில் உயிர்நீத்தார்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவை இளைய தலைமுறையினர் அறியமாட்டார்கள். அது சொன்னது இரண்டு முக்கியமான செய்திகள். எந்த மதத்தின் சுதந்திரமான அனுட்டானத்தையும் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது. எந்த ஒரு சமூகத்தவரையோ மதத்தவரையோ, மற்றவர்க்கில்லாத இயலாமைக்கு உள்ளாக்கும் சட்டத்தையும் இயற்றலாகாது. கவனியுங்கள். மதத்துக்கும் சமூகத்துக்கும் ஒரே வேலி. ஒரு பக்கத்துக் கம்பி அறுந்தால் மறுபக்கத்து மாடும் வெளியே போய்விடும்.

அந்த வேலி முதலில் அறுந்தது உங்கள் பக்கத்தில். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து, 1947ஆம் ஆண்டில் வாக்களித்த தோட்ட மக்களை 1952ஆம் ஆண்டில் வாக்கற்றவராக்கின. அதை எதிர்த்து எழுந்த பெரும் வழக்கு எங்கே முளைத்தது தெரியுமா? கொழும்பில் அன்று, யாழ்ப்பாணத்தில் அன்று. இந்தச் சப்பிரகமுவ மாகாணத்திலே, ருவான்வெல்லைத் தொகுதியிலே. கோடக்கன் பிள்ளை என்பவரின் பெயரைத் தேர்தல் இடாப்பிற் சேர்க்க வேண்டும் என்று, இடாப்பைத் திருத்தும் அதிகாரியாயிருந்த சிவஞானசுந்தரம் தீர்மானித்தார். 29ஆம் பிரிவுக்கு முரணான சட்டம் செல்லாது என்பது அவர் கண்ட நியாயம். உயர் நீதிமன்றம் 1951இல் அத்தீர்மானத்தைத் தள்ளிற்று. இலண்டன் கோமறைக் கழகம் 1953இல் அதனையே உறுதி செய்தது. பிரஜைகள் யார் என்று வகுப்பது ஒரு நாட்டுச் சட்டசபையின் இயல்பான வேலை, அது ஒரு சமூகத்தைக் குறிவைத்ததாகாது என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயம். மரியாதையுடன் சொல்லுகின்றோம், அந்தத் தீர்ப்பு யேசபேலின் கடிதத்தைப் போல முறைப்படி இருந்தது.

அந்த ஆண்டுகளிலே திருச்சபைகள் என்ன செய்தன? தனிப்பட்ட சிலர் வருந்தியிருப்பர். ஆனால் மணி அடித்து மக்களைக் கூட்டி, இது இறைவனுக்கு அடாது என்று ஒரு பேராயரும் ஊர்வலம் போனதாக வரலாறு இல்லை. இதற்கு வேரிருக்கிறது. தோட்டங்களில் ஆங்கிலிக்க சபையின் பணி 1854ஆம் ஆண்டில் தொடங்கியபோது அதன் பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. அதைத் தொடங்குவதிலும் தாங்குவதிலும் தோட்ட முதலாளிமாரின் பணம் இருந்தது. தோட்டத்துக்குள் உபதேசியார் கால்வைக்கவும் பெரிய துரையின் அனுமதி வேண்டும். பிரட்டுக் களத்திலே பேர் போடுகிறவரும், அரைப்பேர் வெட்டுகிறவரும், லயத்தைக் கொடுக்கிறவரும் பறிக்கிறவரும் துரையே என்றால், தோட்டத்துக் கிறித்தவனுக்கு அரசு என்பது கொழும்பிலா இருந்தது? பங்களாவில் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பியது. அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், இந்தத் தகரக் கோயில்களிலே விடுதலைப் பயணத்தின் அதிகாரங்கள் எத்தனை முறை வாசிக்கப்பட்டிருக்கும், வேலைக்காரர் எசமானுக்குக் கீழ்ப்படிவது பற்றிய அதிகாரங்கள் எத்தனை முறை வாசிக்கப்பட்டிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. நம்மிடம் வந்த போதகரின் மௌனம் நேற்றுப் பிறந்ததன்று.

பிறகு 1960ஆம் ஆண்டு வந்தது. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிடங்களையும் காணிகளையும் எடுத்துக்கொண்டது. அப்போது எழுந்த கொந்தளிப்பைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் காவலிருந்தனர். தாய்மார்கள் பாயும் அடுப்பும் கொண்டு வந்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் சமரசம் பேச வந்தார். 29ஆம் பிரிவு அன்று பலருக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அறுந்த வேலி அது. நாம் இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாடசாலைப் பொறுப்பேற்பிலும் இரண்டு பக்க நியாயம் உண்டு. பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகள் பொதுமக்கள் அனைவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை நாம் இலேசாகத் தள்ளமாட்டோம். அன்று காவல் காக்கப்பட்ட அந்தப் பெரிய பள்ளிகளின் வகுப்பறைகளிலே, கொழுந்து பறிப்பவளின் பிள்ளை எத்தனை பேர் இருந்தனர் என்று மட்டும் கேட்கின்றோம்.

எல்லாரும் மௌனமாயிருந்தனர் என்று சொன்னால் அது பொய்யாகும். 1948ஆம் ஆண்டில் அந்தச் சட்டங்களை எதிர்த்து வாக்களித்துத் தம் கட்சித் தலைமையையே பிரிந்து போன சா. ஜே. வே. செல்வநாயகம் கிறித்தவர். இன்று மலைநாட்டானுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று அன்றே எச்சரித்தவர். அடுத்த தேர்தலில், 1952இல், காங்கேசன்துறையில் தோற்றார். அவர் வேதக்காரர் என்பதும் அத்தேர்தலில் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. பேசியவர்கள் நம் சைவத் தமிழர்தாம், இதை மறைப்பதற்கில்லை. அதே மக்கள் 1956இலிருந்து அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பினர் என்பது அம்மக்களுக்குப் பெருமை.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கு போட்டது. இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று இரண்டு அரசுகள் எண்ணிப் பிரித்தபோது, எண்ணப்பட்டவர்களைக் கேட்டவர் இல்லை. அதன் பின்னரே, திருச்சபையினுள் சிலர் விழித்தனர். கண்டியில் 1972ஆம் ஆண்டு ‘சத்தியோதய’ நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், நாடற்றவர் என்ற சொல் இத்தீவில் இல்லாது போகவேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் எழுதினார், பேசினார். கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, பெரிய மறைமாவட்டத்தை விட்டு, புதிதாக ஏற்பட்ட ஏழைப் பதுளைக்குத் தாமே போனார். குருநாகல் ஆங்கிலிக்க ஆயர் லக்சுமன் விக்கிரமசிங்க, 1983 யூலைக் கொடுமைக்குப் பின், அதை எந்த அறத்தாலும் நியாயப்படுத்த முடியாது, சிங்கள மக்கள் வெட்கித் தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தம் சபைக்கு உரைத்தார். சில வாரங்களில், அவ்வாண்டு அக்டோபரில், காலமானார்.

கலவான மக்களிடம் பேசும்போது இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தபோது, அதைப் பாராளுமன்றத்தில் எழுப்பியவர் அவ்வாண்டு இடைத்தேர்தலில் இந்தத் தொகுதியில் வென்ற சரத் முத்தெட்டுவெகம. கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், கோயிலுக்கும் விகாரைக்கும் பேர்போனவர் அல்லர். அவரைச் சாமாரியன் கதையோடு சேர்த்து நினைப்பது தவறாகாது என்று கருதுகின்றோம்.

அரசின் முன் நிற்பது எப்படி என்பதற்கு நம் காலத்தில் நாம் கண்ட சிறந்த சாட்சி மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. 2011ஆம் ஆண்டு சனவரியில், அரசு நியமித்த ஆணைக்குழுவின் முன் சென்றார். கோஷம் போடவில்லை. அரசாங்கத்தின் சொந்தக் கணக்கையே மேசையில் வைத்தார். 2008ஆம் ஆண்டு அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். போர் முடிய அரசின் பக்கம் வந்தோர் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது, சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான். அவர் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் நாள் மறைந்தார். கேள்விக்கு விடை வரவில்லை. 2019 ஏப்ரல் 21இல் ஆலயங்களில் குண்டுகள் வெடித்து வழிபட வந்தோர் மடிந்த பின், கொழும்புப் பேராயரும் அரசிடம் உண்மை கேட்டு வருகின்றார். 2023ஆம் ஆண்டு சனவரியில், கடமை தவறிய முன்னாள் சனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. இரண்டு கேள்வியும் ஒரே கேள்வி என்பதை உணர்ந்து, வன்னித் தாய்மாருக்கும் கட்டுவாப்பிட்டித் தாய்மாருக்கும் ஒரே குரலாகத் திருச்சபை பேசும் நாளை நாம் எதிர்பார்த்திருக்கின்றோம்.

இனிச் சட்டத்தின் இன்றைய நிலை. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு மறைந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை அதைத் தொடர்கிறது. ஆனால் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் அளிக்கிறது. 14ஆம் உறுப்புரை, தனித்தோ கூடியோ வழிபட ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை தருகிறது. 2003ஆம் ஆண்டில் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியரின் கூட்டிணைப்பு மசோதா வந்தபோது, மதத்தைப் பரப்புதல் அரசியலமைப்பு உறுதிசெய்த உரிமையன்று என்று உயர் நீதிமன்றம் கூறியது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2005இல் அதை உரிமை மீறல் என்று கண்டது. ஆயினும் அந்தத் தீர்ப்புக்கூட, இருபது குடும்பம் கூடி செபிப்பதைத் தடுக்கவில்லை. தடுத்தது 2008ஆம் ஆண்டு அக்டோபரில் அமைச்சிலிருந்து புறப்பட்ட ஒரு சுற்றுநிருபத்தின் பிரதி. சுற்றுநிருபம் என்பது உத்தியோகத்தர் உத்தியோகத்தருக்கு எழுதும் கடிதம். பாராளுமன்றம் இயற்றியதன்று. அடிப்படை உரிமையை மட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும், கடிதம் போதாது. பவுல் நூற்றுவர் தலைவனைக் கேட்ட கேள்வி இதுவே.

இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் நாம் நேர்மையற்றவராவோம். அந்தப் பொலிஸ் முறைப்பாட்டை நாம் பார்த்தோம். அதில் கையொப்பமிட்டோரில் தமிழரும் உண்டு. அதே தோட்டத்து மாரியம்மன் கோயிற் பரிபாலனத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் நேரில் போனோம். பிள்ளைகளை மதம் மாற்றுகிறார்கள் என்றனர். அந்தக் கோபத்தை நாம் அறிவோம். தமிழ்நாட்டிலும் 2002ஆம் ஆண்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004ஆம் ஆண்டுத் தேர்தல் தோல்விக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. நாம் அவர்களோடு சமய வாதம் செய்யவில்லை. கோயிலின் காணி உறுதியைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டோம். உறுதி இல்லை. இருக்க முடியாது. தோட்டக் காணிகள் 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தால் அரசுக்குப் போயின. 1992இல் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டன. கோயிலும் செபவீடும் உங்கள் லயமும் ஒரே குத்தகைக் காணியில், ஒருவர்க்கும் உறுதியின்றி நிற்கின்றன. செபவீட்டைப் பூட்டிய கடதாசியில் மாரியம்மன் பெயரை எழுத எவ்வளவு மை செலவாகும்? கோயிலாரில் மூத்தவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, பிரதேச சபை தன் நிதியில் தோட்டத்து வழிக்கு ஒரு கூடை கல் போடவும் சட்டத்தில் இடமிருக்கவில்லை. வாக்கு இருந்தது, வழி இல்லை. பிரஜாவுரிமையின் கடைசிச் சிக்கல்கள் 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களோடு தீர்ந்தன என்கிறார்கள். காணியில்லாப் பிரஜை நாபோத்துக்கும் கீழானவன். அவனுக்காவது பறிகொடுக்க ஒரு தோட்டம் இருந்தது.

போதகர் இந்தச் சபையில் இருக்கின்றார். அவர் அனுமதியோடுதான் இவ்வளவும் சொன்னோம். தயவு கேட்ட அந்த முதல் விண்ணப்பத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். இப்போது எழுதியிருப்பது வேறு கடிதம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் திறப்பு எடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தருமாறு கேட்கின்றது. அவர் கையொப்பத்துக்குக் கீழே கோயிலார் மூவரும் ஒப்பமிட்டிருக்கின்றனர். பதில் வரட்டும், வராவிடின் நீதிமன்றம் இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதமே தவணை என்பதை மறவாதீர்கள். மனித உரிமை ஆணைக்குழுவுக்கு அந்த மாதத்துக்குள்ளேயே முறைப்பாடு போய்விட்டது. அது விசாரணையில் இருக்கும் காலம் தவணையிற் கணக்காகாது.

உங்களிடம் ஒன்று கேட்கின்றோம். வரும் போயா தினத்தன்று காலை ஒன்பது மணிக்கு நாம் மீண்டும் இங்கே இருப்போம். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள், கோயில் வரவுசெலவுப் புத்தகங்கள், பாட்டன் காலத்துத் துண்டுகள், சம்பளச் சீட்டுகள் எவை வீட்டில் இருந்தாலும் கொண்டு வாருங்கள். எத்தனை தலைமுறையாக இந்தக் காணியில் பிறந்தீர்கள், மணந்தீர்கள், புதைக்கப்பட்டீர்கள் என்பதற்கு அவையே சாட்சி. இறப்பர்த் தாளிற் சுற்றிக் கொண்டு வாருங்கள். கலவான மழையை நம்ப முடியாது.